ஏழாம் நம்பர் கூட்டுக்கு ஒரு வரி

கடைசி முட்டையையும் புதுக் குழியில போட்டு, மணல மூடி, மேல ரெண்டு தட்டு தட்டிட்டு சபேசன் நிமிந்தாரு.

முட்டி வரைக்கும் ஈரம். மூச்சு வாங்குது. ஆனா மூஞ்சி பூரா பெருமை. நூத்தி நாலு முட்டை, ஒண்ணு கூட உடையல.

வேலிக்கு வெளிய தில்லை நின்னுட்டிருந்தா. எப்ப வந்தான்னு தெரியல.

"பாத்தீங்களா மேடம்! தண்ணி வேலிகிட்டயே வந்துடுச்சு. உங்களுக்கு ஏழு தடவ போன் அடிச்சேன், எடுக்கல. விட்டுடுவேனா? ஒத்த ஆளா மொத்தக் கூட்டையும் மாத்திட்டேன்."

தில்லை வேலிக்கு மேலால எட்டி குழியப் பாத்தா.

"நீங்க எப்படி எடுப்பீங்களோ அதே மாதிரிதான். அள்ளி வாளியில போட்டு, புதுக் குழியில கொட்டி..."

"கொட்டினீங்களா?"

"மெதுவாத்தான்."

"எந்தக் கூடு சார் இது?"

"ஏழாம் நம்பர்."

"எத்தன நாளாச்சு அதுக்கு?"

சபேசன் குழிமேல குத்தியிருந்த பலகையப் பாத்தாரு. "பன்னெண்டு."

தில்லை செருப்பக் கழட்டினா. தோள்ல இருந்த பைய எறக்கினா. அப்படியே மணல்ல உக்காந்துட்டா.

சபேசன் கையிலிருந்த வாளியக் கீழ வெச்சாரு.

"ஏன் மேடம்? நா என்ன தப்பு பண்ணேன்?"

*

இங்க யாரு குரு, யாரு சிஷ்யன்னு சொல்லிடணும். வயச வெச்சுப் பாத்தா எல்லாரும் தப்பாத்தான் நெனைப்பாங்க.

சபேசனுக்கு அம்பத்தெட்டு. ஓசூர்ல பிரேக் செய்யற கம்பெனியில முப்பத்தொரு வருஷம் குவாலிட்டி செக்கிங். சாமான் நல்லா இருந்தா பச்சை ஸ்டிக்கர், இல்லன்னா சிவப்பு ஸ்டிக்கர். நடுவுல வேற கலரே அவருக்குத் தெரியாது. ரிட்டயராகி வீட்ல உக்காந்த முதல் வாரம் குக்கர் கேஸ்கட்டக் கழட்டி செக் பண்ணாரு. ரெண்டாவது வாரம் பக்கத்து வீட்டுக் குக்கர். மூணாவது வாரம் பொண்ணு பொறுக்க முடியாம, கடலாமை முட்டைய பாதுகாக்குற எடத்துல மூணு மாசம் வாலண்டியர் வேலைன்னு ஆன்லைன்ல பேர் குடுத்து பஸ் ஏத்தி விட்டுட்டா.

தில்லைக்கு இருவத்தேழு. கடலூருக்குத் தெக்க இருக்கற மணல்திட்டுக் குப்பம்தான் சொந்த ஊரு. வீட்ல எல்லாரும் கடலுக்குப் போறவங்க. இவ மட்டும் எட்டு சீசனா கரையிலயே. பேச்சு ரொம்பக் கம்மி. கேள்வி கேட்டா பாதி நேரம் பதிலுக்குப் பதிலா எந்திரிச்சு ஏதாவது வேலை செய்வா.

வேலை என்னன்னா, தை மாசி பங்குனியில ஆமை கரைக்கு ஏறி முட்டை போட்டு மூடிட்டுப் போயிடும். நாய் தோண்டும், நரி தோண்டும், மனுஷனும் தோண்டுவான். அதனால விடியறதுக்குள்ள தடம் பாத்துப் போய், முட்டைய எடுத்துட்டு வந்து, வேலி போட்ட எடத்துல அதே ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைக்கணும். சுமார் அம்பது நாள்ல குஞ்சு வெளிய வரும்.

கேக்க ரொம்ப சிம்பிள்.

*

"நா என்ன தப்பு பண்ணேன்?"

தில்லை பையிலேந்து டிபன் பாக்ஸ எடுத்தா. டவுன் ஆபீஸ்ல ஒரு கையெழுத்துக்காக காலையிலயே கெளம்பிப் போனவ, இன்னும் சாப்பிடல. ஒரு துண்டு இட்லிய பிச்சு, மூடியோட உள்பக்கம் வெச்சு அழுத்தினா. ஒட்டிக்கிச்சு. மூடிய மெதுவா மூடினா.

"இப்ப இட்லி எங்க இருக்கு சார்?"

"மூடியில."

டிபன் பாக்ஸ தலைகீழா கவுத்தா. ரெண்டு உருட்டு உருட்டினா. தொறந்து அவர்கிட்ட நீட்டினா.

இட்லி பிஞ்சு சட்னியில கெடந்துச்சு.

"புது முட்டைன்னா எப்படி வேணா தூக்கலாம். சில மணி நேரம் போச்சுன்னா உள்ள இருக்கறது ஓட்டோட மேல்பக்கத்துல ஒட்டிக்கும். அப்பறம் புரட்டக் கூடாது. நகத்தியே ஆகணும்னா ஒவ்வொரு முட்டை உச்சியிலயும் பென்சில்ல ஒரு பொட்டு வெச்சு, பொட்டு மேலயே இருக்கற மாதிரி ஒண்ணொண்ணா தூக்கணும்."

சபேசன் புதுக் குழியத் திரும்பிப் பாத்தாரு. "அப்ப எல்லாம் போச்சா?"

"தெரியாது."

"எப்பத் தெரியும்?"

"நாப்பது நாள் கழிச்சு."

"நாப்பது நாளா? மேடம், ஒரே ஒரு முட்டைய ஒடச்சுப் பாத்துடலாம். சாம்பிள் மாதிரி."

"ஒடச்சா அது கண்டிப்பா செத்துடும் சார்."

முப்பத்தொரு வருஷத்துல எந்த சாம்பிளப் பத்தியும் அவர்கிட்ட யாரும் இப்படிச் சொன்னதில்ல.

"பின்ன என்னதான் பண்ணியிருக்கணும் நானு? தண்ணி ஏறிட்டே வருது, கைய கட்டிட்டு நிக்கவா?"

தில்லை எந்திரிச்சா. குடிசையிலேந்து நாலு காலி சாக்கு எடுத்துட்டு வந்தா. மணல் ரொப்பினா. வேலிக்கு முன்னாடி வரிசையா அடுக்கினா. கைய தட்டிக்கிட்டு வந்து மறுபடி உக்காந்து, சட்னியிலேந்து இட்லிய எடுத்து சாப்பிட்டா.

அமாவாசைக்கு ஏறற தண்ணி இன்னும் ரெண்டு அலைக்கு மேல ஏறல. சாக்குக்கு ரெண்டு சாண் முன்னாடியே நின்னு, திரும்பிப் போயிடுச்சு.

*

குடிசையில ஒரு நீளமான நோட்டு. ஒரு கூட்டுக்கு ஒரு வரி. நம்பர், தேதி, எங்க கெடச்சுது, எத்தன முட்டை, எத்தன குஞ்சு வெளிய வந்துச்சு. கடைசியில ஒரு பெரிய கட்டம். அதுக்கு மேல தில்லையோட கையெழுத்துல தலைப்பு: என்ன நடந்துச்சு.

எல்லா வரியும் நீலப் பேனா.

தில்லை நோட்ட அவர் முன்னாடி வெச்சா. காதுமேல சொருகியிருந்த பென்சில எடுத்துக் குடுத்தா.

"ஏழாம் நம்பர் வரிய நீங்க எழுதுங்க."

"பென்சில்லயா?"

"சரியா வந்தப்பறம் பேனா."

"சரி."

"வரி பேனாவுக்கு வந்தப்பறம் வாளி."

அவருக்கு முதல்ல புரியல. அப்பறம் புரிஞ்சுது. முட்டை தூக்கற வாளி. இனிமே அந்த வரி முடியற வரைக்கும் அவர் ஒரு முட்டையத் தொட முடியாது. அவர் வந்ததே அதுக்குத்தான். முதல் நாள் முதல் முட்டைய கையில வாங்கினப்ப, பிங்பாங் பந்து மாதிரி, ஆனா ஈரமா, லேசா அமுங்கற மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு ஓசூருக்குப் போன் போட்டு பொண்ணுகிட்ட முக்கா மணி நேரம் அத பத்தியே பேசினவர் அவரு.

உக்காந்து யோசிச்சு, ஆபீஸ் தமிழ்ல நல்லா எழுதினாரு.

எதிர்பாராத கடல் சீற்றம்.

தில்லை படிச்சா. "கடல் எந்த முட்டையத் தொட்டுச்சு சார்?"

சபேசன் பென்சிலக் கீழ வெச்சாரு.

சட்டைப் பையிலேந்து ஒரு ரப்பர எடுத்து அழிச்சா. தூள ஊதினா. வேலையப் பாக்கப் போயிட்டா.

*

வாளி இல்லாத வாலண்டியருக்கு என்ன வேலை? வேலிய இழுத்துக் கட்டறது. நாய் வெரட்டறது. கரையில ஒதுங்கற பிளாஸ்டிக்கப் பொறுக்கறது. மூணு வேளையும் மணல்ல தெர்மாமீட்டர் சொருகி சூடு பாக்கறது. மத்த நேரமெல்லாம் ஏழாம் நம்பர் பக்கத்துல உக்காந்து அதையே பாத்துட்டிருக்கறது.

தினமும் காலையில மீன் எடுக்கப் போற கோசலை அந்த வழியாத்தான் போவா. குப்பத்துலயே பெரிய வாய். தலையில அலுமினியக் கூடை, இடுப்புல சுருக்குப் பை.

"என்னா சாரு, அடைகாக்குறியா?"

"இல்லம்மா. சும்மா பாத்துட்டிருக்கேன்."

"ஆமை அப்படியா பண்ணுது? போட்டுச்சா, மூடுச்சா, திரும்பிப் பாக்காம போச்சா. நீ என்னாத்துக்கு கோழி மாரி ஒக்காந்துனுக்கிற?"

அன்னையிலேந்து குப்பத்துல அவர் பேரு கோழி சாரு.

ஒரு வாரம் கழிச்சு கோழி சாருக்கு ஒரு ஞானம் வந்துச்சு. நாடாவ எடுத்துட்டுப் போய் வேலியிலேந்து தண்ணி வரைக்கும் அளந்தாரு. மூணு தடவ அளந்தாரு. நேரா குடிசைக்கு வந்து பென்சில எடுத்தாரு.

வேலி கடலுக்கு மிக அருகில் அமைக்கப்பட்டிருந்தது. பயிற்சியும் போதவில்லை.

எழுதிட்டு தில்லை மூஞ்சியவே பாத்துட்டிருந்தாரு. கோவம் வரும்னு எதிர்பாத்தாரு. வந்தா நல்லா இருக்கும்னு கூட நெனச்சாரு.

தில்லை தலைய ஆட்டினா. "உண்மைதான். கிட்டதான் போட்டிருக்கு."

"அப்ப இத பேனாவுல எழுதலாமா?"

தில்லை நோட்டப் பின்னாடி திருப்பினா. கடைசிப் பக்கம். நீலப் பேனாவுல ரெண்டு வரி. தேதி, ஏழாம் நம்பர் மாத்தின அதே நாள்.

இந்த வருஷம் வேலிய கிட்ட போட்டது தில்லை. பழைய கூட்டப் புரட்டக் கூடாதுன்னு சபேசன் சார்கிட்ட சொல்லாம விட்டதும் தில்லை.

சபேசன் அத ரெண்டு தடவ படிச்சாரு.

"இது என் வரி சார்," தில்லை பக்கத்த முன்னாடி திருப்பினா. "உங்க வரி எங்க?"

ரப்பர அவர் கையிலதான் குடுத்தா. அவரே அழிச்சாரு.

*

பங்குனி வந்துச்சு. தெக்கேருந்து சோழகக் காத்து ஆரம்பிச்சுது. நாலாம் நம்பர் கூட்ல மணல் லேசா உள்வாங்கி, கட்டை விரல் அளவுக்கு கருப்பு கருப்பா குஞ்சுங்க மேல வந்துச்சு. அடுத்து அஞ்சு. அடுத்து ஆறு.

ஏழு சும்மா கெடந்துச்சு.

எட்டாம் நம்பர், ஏழுக்கு ஒரு நாள் பின்னாடி வந்த கூடு. அதுவும் பொரிச்சிடுச்சு. கொத்து கொத்தா நூத்திச் சொச்சம் குஞ்சு தண்ணியப் பாத்து ஓடுச்சுங்க. எல்லாரும் கை தட்டினாங்க. சபேசனும் தட்டினாரு. ரெண்டு தட்டோட நிறுத்திட்டாரு.

மறுநாள் காலையில கோசலை வர்றப்போ அவரு ஏழாம் நம்பர் மணல்ல காது வெச்சுப் படுத்திருந்தாரு.

"என்னா கோழி சாரு, போன் பேசுறியா? எடுக்குறாங்களா?"

"ஒண்ணும் கேக்கலம்மா."

அந்தக் குரல்ல என்ன இருந்துச்சோ, கோசலைக்கு அடுத்த கிண்டல் வாயில வரல. கூடைய எறக்கி வெச்சு, அவளும் குனிஞ்சு மணல்ல காது வெச்சா.

"எனக்கும் கேக்கல," எந்திரிச்சு மணலத் தட்டிக்கிட்டா. "அதுங்க என்னா நம்பகிட்ட சொல்லிட்டா வருங்க? போ, டீ குடி."

அன்னைக்கு சாயங்காலம் சபேசன் பைய கட்டினாரு. நாலே முக்காலுக்கு டவுன் பஸ். கெளம்பறதுக்கு முன்னாடி நோட்டத் தொறந்தாரு. இந்தத் தடவ யோசிக்கல, ஆபீஸ் தமிழும் வரல.

எல்லாம் என் தப்பு. நான் ஒரு கொலைகாரன். இங்க இருக்க எனக்குத் தகுதி இல்ல.

எழுதி முடிச்சதும் ஒரு மாதிரி நிம்மதியா இருந்துச்சு. இத விட என்ன எழுதிட முடியும்? இத எப்படி அழிப்பா?

தில்லை படிச்சா. ரொம்ப நேரம் படிச்சா.

"இதுல முட்டையே இல்லியே சார். முழுக்க நீங்கதான் இருக்கீங்க."

அழிச்சா.

சபேசனுக்கு முதல் தடவையா கோவம் வந்துச்சு. "என்னதாம்மா வேணும் உனக்கு? கடல்னு எழுதினா அழிக்கற. வேலின்னு எழுதினா அழிக்க வெக்கற. நா ஒத்துக்கிட்டாலும் அழிக்கற! மன்னிப்புக் கேக்கணுமா? கேக்கறேன்! கால்ல விழணுமா?"

"ஏழாம் நம்பர் மேல காவலுக்குக் கவுத்து வெச்ச கூடைய நாய் தள்ளி விட்டிருக்கு," தில்லை சொன்னா. "போய் நேரா வைங்க."

அவரு நின்னாரு. பைய பாத்தாரு. வேலியப் பாத்தாரு. கூடை நெஜமாவே சரிஞ்சு கெடந்துச்சு.

முணுமுணுத்துக்கிட்டே போய் நேரா வெச்சாரு. சுத்தி மணல் அணைச்சாரு. மேல ஒரு கல்லு வெச்சாரு. கல்லு சரியா உக்காரல, வேற கல்லு தேடினாரு.

பஸ் போயிடுச்சு.

*

அம்பத்தி மூணாம் நாள், வெயில் தாழ்ற நேரம். தெர்மாமீட்டர் சொருக வந்தவரு அப்படியே நின்னுட்டாரு.

கூடைக்குள்ள மணல் உள்வாங்கியிருந்துச்சு. ஒரு உள்ளங்கை அளவு பள்ளம்.

"தில்லை!"

மேடம் எல்லாம் மறந்து போச்சு.

பள்ளத்துல ஒரு மணல் உருண்டை நகந்துச்சு. அது உருண்டை இல்ல, தலை. பின்னாடி ஒரு துடுப்பு. இன்னொரு தலை. அது மேல ஏறி மிதிச்சுக்கிட்டு இன்னொண்ணு.

சபேசன் கை தானா நீண்டுச்சு. பாதியில அவரே பின்னாடி இழுத்துக்கிட்டாரு.

தில்லைதான் ஒண்ணொண்ணா கூடையில எடுத்து, தண்ணிக்குப் பத்து அடி முன்னாடி ஈர மணல்ல விட்டா. கையால தண்ணியில விடக் கூடாது, அதுங்களே நடந்து போகணும். சபேசன் ரெண்டு பக்கமும் கைய விரிச்சு காக்கா வெரட்டிக்கிட்டே பின்னாடி போனாரு. ஒரு அலை வந்து நாலு குஞ்ச திருப்பிக் கரையில போட்டுச்சு. மறுபடி நடந்துச்சுங்க.

வித்த மீன் போக மிச்சத்தோட திரும்பி வந்த கோசலை நின்னு பாத்தா. "போயிட்டு வாங்கடி," அவ்வளவுதான் சொன்னா.

இருவத்தி ஒம்பது. கடைசிக் குஞ்சு அலைக்குள்ள போனப்பறமும் சபேசன் இடுப்புத் தண்ணியில நின்னுட்டிருந்தாரு. திரும்பி வர்றப்போ ஓடி வந்தாரு. அம்பத்தெட்டு வயசு ஆளு, நெஜமாவே ஓடினாரு. ஈரக் கையோட நோட்ட எடுத்தாரு.

இருபத்தொன்பது உயிர்கள் காப்பாற்றப்பட்டன!!!

தில்லை அந்த மூணு ஆச்சரியக்குறியையும் ஒண்ணொண்ணா அழிச்சா. அப்பறம் மிச்சத்த அழிச்சா.

"இது கூட இல்லியா!"

"எத்தன வந்துச்சுன்னு எழுத தனிக் கட்டம் இருக்கு சார்." அந்தக் கட்டத்துல அவளே நீலப் பேனாவுல 29னு எழுதினா. பெரிய கட்டம் காலியாவே இருந்துச்சு. நாலு தடவ அழிச்சதுல அந்த எடத்துல மட்டும் காயிதம் மெலிஞ்சு, பின்பக்க எழுத்து தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு.

"அப்ப நா எப்பதான் எழுதறது?"

"இன்னும் பாக்கலியே நீங்க."

"எத?"

தில்லை ஏழாம் நம்பர் பக்கம் கைய காட்டினா. "மிச்சத்த."

*

குஞ்சு வந்து மூணு நாள் விட்டுத்தான் கூட்டத் தோண்டணும். உள்ள மாட்டிக்கிட்டது எதாவது இருந்தா அதுக்கு ஒரு வாய்ப்பு.

மூணாம் நாள் விடிஞ்சதும் தில்லை ஒரு ஜோடி கையுறைய நீட்டினா. "நீங்க தோண்டுங்க."

சபேசன் தோண்டினாரு. காலி ஓடுங்க முதல்ல வந்துச்சு, காஞ்ச காயிதம் மாதிரி சுருண்டு. அதுக்குக் கீழ முழுசா இருந்த முட்டைங்க. மஞ்சளா, அங்கங்க கருப்பு படிஞ்சு. எழுவத்தஞ்சு.

நாத்தம் கொடலப் பெரட்டுச்சு.

தில்லை ஒரு பிளாஸ்டிக் அட்டைய மணல்ல விரிச்சா. வரிசையா போட்டோ. முட்டைக்குள்ள அஞ்சாம் நாள் எப்படி இருக்கும், பத்தாம் நாள் எப்படி, பதினஞ்சாம் நாள் எப்படி, இருவதாம் நாள் எப்படி, நாப்பதாம் நாள் எப்படின்னு.

"ஒவ்வொண்ணா ஒடச்சு, உள்ள இருக்கறது எந்தப் போட்டோ மாதிரி இருக்குன்னு பாத்து, அந்தந்த வரிசையில வைங்க. எந்த நாள் நின்னுச்சுன்னு அதுவே சொல்லும்."

சபேசன் அவளப் பாத்தாரு. "இது தெரிஞ்சுதான் அன்னைக்கு நாப்பது நாள்னு சொன்னியா?"

"ம்."

முதல் முட்டைய ஒடச்சாரு. உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் மஞ்சக்கரு. கரு கட்டவே இல்ல. அது ஒரு ஓரம்.

ரெண்டாவது. கொழகொழன்னு மஞ்சள். அதுக்கு நடுவுல உளுந்து அளவுக்கு ஏதோ. அதுல ரெண்டு கருப்புப் புள்ளி.

"என்னம்மா இது புள்ளி?"

"கண்ணு."

அட்டையப் பாத்தாரு. பத்தாம் நாள் போட்டோவுக்கும் பதினஞ்சாம் நாள் போட்டோவுக்கும் நடுவுல வெச்சாரு.

மூணாவது. உளுந்து, ரெண்டு புள்ளி. நாலாவது. அஞ்சாவது.

பத்து முட்டை வரைக்கும் அவரு ஏதோ வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தாரு. அப்பறம் நிறுத்திட்டாரு. ஒடைக்கறது, பாக்கறது, வைக்கறது. வெயில் ஏறுச்சு. ஈ மொச்சுது. ஒரு எடத்துல மட்டும் கை நின்னுச்சு.

"நா எடுக்காம விட்டிருந்தா?"

"எடுத்தீங்களே சார்."

மறுபடி கை ஓடுச்சு.

முடியறப்போ மணல்ல மூணு வரிசை. ஒண்ணுமே இல்லாதது ஆறு. முழுசா வளந்து வெளிய வர முடியாம நின்னது ரெண்டு. உளுந்து அளவு, ரெண்டு புள்ளி, அறுவத்தேழு.

அறுவத்தேழு வரிசை ரொம்ப நீளமா இருந்துச்சு. அத மொத்தமா பாக்க அவரு தலைய இந்தக் கோடியிலேந்து அந்தக் கோடிக்குத் திருப்ப வேண்டியிருந்துச்சு. திருப்பினாரு. எங்கயும் வேகமா தாண்டல.

அப்பறம் குழி தோண்டி எல்லாத்தையும் ஆழமாப் புதைச்சாரு. கடலுக்குப் போய் கைய கழுவினாரு.

*

"ஏய் தில்லை! சவுக்குத் தோப்புக்கு நேரா ஒண்ணு ஏறியிருக்கு! தடம் இன்னும் ஈரமாக்கீது!"

மறுநாள் விடியறப்போ கோசலை தூரத்துலேந்து கத்திக்கிட்டே வந்தா. பங்குனி முடியப் போகுது. இந்த சீசனுக்கு இதுக்கு மேல இன்னொண்ணு வருமான்னு சொல்ல முடியாது. சபேசனுக்கு ஊருக்குத் திரும்ப இன்னும் நாலே நாள்.

தில்லை குடிசைக்கு வந்து வாளிய எடுத்தா. அடியில ஈர மணல் போட்டா.

சபேசன் வாளியப் பாத்தாரு. எதுவும் கேக்கல. நோட்ட எடுத்து உக்காந்தாரு. ஏழாம் நம்பர் வரி. மெலிஞ்சு போன கட்டம்.

பென்சில வெச்சுட்டு, முதல்ல கட்டத்துக்கு மேல இருந்த தலைப்பப் படிச்சாரு. இத்தன நாளா அது அங்கதான் இருந்துச்சு.

அப்பறம் எழுதினாரு. ரொம்ப நேரம் ஆகல.

பன்னெண்டாம் நாள் சபேசன் முட்டைய வாளியில கொட்டி மாத்தினாரு. புரண்டுடுச்சு. அறுவத்தேழு அன்னையோட நின்னுடுச்சு.

நோட்ட அவ பக்கம் திருப்பி வெச்சாரு.

தில்லை குனிஞ்சு படிச்சா. ஒரு கையில வாளி. இன்னொரு கை சட்டைப் பைக்குள்ள போச்சு.

அவரு அந்தக் கையவே பாத்துட்டிருந்தாரு.

கை வெளிய வந்துச்சு. நீலப் பேனா.

நோட்டு மேல வெச்சா. வாளிய அவர் காலடியில வெச்சா. சவுக்குத் தோப்பப் பாத்து நடக்க ஆரம்பிச்சா. பத்தடி போனவ திரும்பாமயே சொன்னா.

"எழுதிட்டு சீக்கிரம் வாங்க சார். முட்டை ஒட்டறதுக்குள்ள."